ரூம் காலியில்லை

போன மார்கழியில் நடந்தது இது. நம்ம கூட்டத்தில் பேச வெளியூர்க் கவிஞர் ஒருத்தர் வருவதாக இருந்தது. ரெண்டு ராத்திரி தங்கல். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது லாட்ஜில் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தோம். அவர்தான் போனில், "பாண்டிச்சேரியில வூட்டுலியே ரூம் வுடறாங்களாமே, காலைப் பலகாரமும் அவங்களே குடுக்கறாங்களாமே, அப்படி ஒண்ணு பாருங்களேன்" என்றார். ஆசைப்பட்டுக் கேட்கிறார். வங்கியில் கணக்கு முடித்ததும் அப்படியே சட்டை கசங்காமல் போனேன்.

பழைய தமிழ் வீடு. வழவழவென்று தேய்த்த திண்ணை, மரத்தூண், நடுவே முற்றம். வீட்டுக்காரர் நல்ல மரியாதை. "வாங்க சார், உக்காருங்க" என்று திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். வங்கி என்றதும் முகம் இன்னும் மலர்ந்தது. ரூமைக் காட்டினார். வாடகையிலும் கொஞ்சம் குறைத்தார். எல்லாம் முடிந்து பெயர் எழுத நோட்டை எடுத்தவர் பேச்சுவாக்கில் கேட்டார்:

"சாருக்குச் சொந்த ஊரு?"

"மணப்பட்டு."

"அட, நம்ம பாகூர் பக்கம். மணப்பட்டுல எங்க? ஊர்லியா, இல்ல..."

அந்த "இல்ல"வுக்கு அப்புறம் வர வேண்டிய வார்த்தையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "காலனி சார்."

நோட்டைப் புரட்டினார். "அடடா, அந்த ரெண்டு நாளும் புக் ஆயிருக்கே, மறந்தே போச்சு சார்" என்றார். குரலில் மரியாதை குறையவேயில்லை. அன்று ராத்திரியே வேறு நண்பர் ஒருவரை விட்டுப் போன் செய்யச் சொன்னேன். அதே ரெண்டு நாள், அதே ரூம். காலியாக இருந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று தோழர்கள் சொல்வீர்கள். எனக்கும் ஆச்சரியமில்லை. 1917ல் பரோடாவில் அண்ணல் அம்பேத்கருக்கு நடந்ததுதான். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, படிக்க வைத்த சமஸ்தானத்துக்கே வேலை பார்க்க வந்தவர். இந்து ஓட்டலில் இடமில்லை என்று தெரிந்து, பார்சி சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். நாளைக்கு ஒன்றரை ரூபாய். பதினோராம் நாள் காலை ஒரு டஜன் பார்சிகள் தடியோடு மாடியேறி வந்தார்கள். சாயந்திரத்துக்குள் காலி பண்ண வேண்டும் என்றார்கள். அவருக்கு ஊரில் இரண்டு நண்பர்கள் இருந்தார்கள், ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். இந்து நண்பர், நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறித்தவ நண்பர், மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். பொதுப் பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார் சட்டம் எழுதப் போகிற மனிதர். இதையெல்லாம் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

சத்திரக்காரன் தடியோடு வந்தான். நண்பர்கள் மனைவியையும் வேலைக்காரனையும் காரணம் காட்டினார்கள். எனக்கு வாய்த்தவர் நோட்டைப் புரட்டினார். நூறு வருசத்தில் தடி நோட்டாக ஆகியிருக்கிறது.

எனக்கு ஆச்சரியம் வேறொன்றில். எந்தத் திண்ணையைக் காட்டி இவர்கள் காசு பார்க்கிறார்களோ, அந்தத் திண்ணையின் மேல்.

புதுவை நகரத்துத் தமிழ் வீடுகளைப் பற்றி அச்சடித்த எந்தத் துண்டுத்தாளையும் எடுத்துப் பாருங்கள். திண்ணை என்பது வழிப்போக்கருக்காகத் தமிழர் கட்டிவைத்த விருந்தோம்பல் என்று இருக்கும். திருக்குறளில் அதற்கென்று ஒரு அதிகாரமே உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள். எங்கள் ஆயா நடவு நட்டு, களத்தில் நெல் தூற்றி வாழ்ந்தவள். அவள் வழிப்போக்கில் சேர்த்தி இல்லையா? எந்தத் திண்ணையில் அவள் உட்கார்ந்தாள்? மழை வந்தால் திண்ணையிலிருந்து மூன்றடி தள்ளி, தாழ்வாரத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில், முக்காட்டோடு நின்றதாகத்தான் சொல்வாள்.

புதுவையின் வைசியாள் வீதி தெரியும்தானே? பெயரைப் பாருங்கள், தெருவுக்கே சாதி. 2002லிருந்து 2004 வரை 'ஏஷியா அர்ப்ஸ்' என்று ஐரோப்பிய ஒன்றியத்துத் திட்டம் ஒன்று நடந்தது. இன்டாக் அமைப்பு அந்தத் தெருவின் முகப்புகளைப் பழையபடி செப்பனிட்டது. திண்ணைகள் மீண்டன, தூண்கள் மீண்டன. அந்தத் திட்டத்தில் புதுச்சேரியோடு கைகோத்த ஊர்கள் இரண்டு. ஒன்று பிரான்சின் வில்னவ்-சூர்-லோ. இன்னொன்று இத்தாலியில் ஒரு மலையூர், உர்பீனோ. ஓவியர் ரஃபேல் பிறந்த ஊர்.

அந்த உர்பீனோவில் நம்மாள் ஒருத்தர் தங்கியிருக்கிறார். என் பெரியப்பா மகன். 1881ல் பிரெஞ்சுக்காரன் ஒரு ஆணை போட்டான். சாதி வழக்கத்தோடு ஒட்டிய தனிச் சட்டத்தைத் துறந்து ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொண்டால் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம் என்று. சேரிகளிலிருந்து நிறையப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் சொல்தாவாக சைகோனுக்குப் போனார்கள். அண்ணன் அந்த வழி. இப்போது பாரிஸ் பக்கம் இருக்கிறார். லீவில் அண்ணியோடு இத்தாலி போய், பெசாரோவில் ரயிலை விட்டிறங்கி, பஸ்ஸில் மலையேறி உர்பீனோவில் ஒரு கிழவி வீட்டில் மூன்று நாள் தங்கியிருக்கிறார். பாண்டிச்சேரிக்குத் திண்ணை கட்டிக்கொடுத்த ஊராச்சே, பார்ப்போம் என்று போனாராம்.

கிழவி பாஸ்போர்ட்டை வாங்கி எழுதிக்கொண்டாளாம். அங்கே யார் தங்கினாலும் போலீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், சட்டம் அப்படி. அப்புறம் இரண்டே கேள்வி. காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்? காப்பியா, டீயா? "மூணு நாளும் அவங்க சமையக்கட்டு மேசையிலதான்டா சாப்பிட்டோம். அந்தம்மா அடுப்புல காப்பி வச்சி எங்க டம்ளர்லியும் ஊத்தி அதே டம்ளர் சோடியில அவங்களும் குடிச்சாங்க" என்றார் அண்ணன். டம்ளரை எதற்குச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஐம்பத்தைந்து வயசில், பிரெஞ்சுக் குடிமகனாக, இத்தாலி மலையில் உட்கார்ந்துகொண்டு அவர் டம்ளரைத்தான் பார்த்திருக்கிறார்.

வெள்ளைக்காரன் ஊர் சொர்க்கம் என்று சொல்ல இதை எழுதவில்லை. திரும்பும் ரயிலில் பெட்டி முழுக்க வெள்ளைக்காரர்கள் இருக்க, போலீஸ்காரன் நேராக அண்ணனிடம் வந்து காகிதம் கேட்டானாம். அமெரிக்காவில் கறுப்பர்கள் ராத்தங்க இடமில்லாமல் காரிலேயே தூங்கினார்கள். விக்டர் ஹ்யூகோ கிரீன் என்று நியூயார்க் ஹார்லெமில் ஒரு தபால்காரர் 1936லிருந்து ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார். எந்த ஊரில் எந்த வீட்டில் கறுப்பருக்கு ரூம் கிடைக்கும் என்கிற பட்டியல். அதில் நிறைய, கறுப்புக் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே விட்ட ரூம்கள். தபால்காரர் ஒருத்தர் செய்த காரியத்தைப் பார்த்தால் பேங்க் கிளார்க்காகிய எனக்கு வெட்கமாக இருக்கிறது.

1964ல் அங்கே சிவில் உரிமைச் சட்டம் வந்தது. ஓட்டலில், விடுதியில் நிறம் பார்க்கக் கூடாது. ஆனால் ஒரு ஓட்டை வைத்தார்கள். ஐந்து ரூமுக்கு மேல் இல்லாத வீடு, அதில் உடைமைக்காரரே குடியிருக்கிறார் என்றால், அந்தச் சட்டம் அவரைத் தொடாது. பாவம், அவர் வீடு, அவர் சமையல்கட்டு, யாரைச் சேர்ப்பது என்பது அவர் இஷ்டம் என்று.

நம்ம சட்டத்தில் அந்த ஓட்டை இல்லை. இதைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அரசியல் சட்டம் பிரிவு 15(2) ஓட்டல்களில் சாதித் தடை கூடாது என்கிறது. 1955ஆம் வருசத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஓட்டல் என்றால் என்ன என்று விளக்கும்போது தங்கும் விடுதி, உணவோடு தங்கும் விடுதி எல்லாவற்றையும் உள்ளே சேர்க்கிறது. நீ வீட்டிலேயே குடியிரு, ஒரே ரூம் விடு. காசு வாங்கிக்கொண்டு வருகிறவனைத் தங்க வைத்தால் அது விடுதிதான். தண்டனை ஒரு மாசத்திலிருந்து ஆறு மாசம் வரை சிறை, நூறிலிருந்து ஐந்நூறு ரூபாய் அபராதம். அந்த ரூமின் ஒருநாள் வாடகையே அபராதத்தைவிட அதிகம் என்பது வேறு விசயம்.

அமெரிக்காக்காரன் சட்டத்தில் எழுதி வைத்த ஓட்டையை இங்கே சட்டத்துக்கு வெளியே நாக்கில் வைத்திருக்கிறார்கள். "ஊர்லியா, இல்ல...". "குடும்பத்தாருக்கு மட்டும்". "சுத்த சைவம், வெளிச்சாப்பாடு உள்ளே கூடாது". வீடு என்ற வார்த்தை ரொம்ப வசதி. ஓட்டல்காரன் சாதி கேட்டால் குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காரர் கேட்டால் அது குசலம் விசாரிப்பு.

எனக்கு ரூம் கிடைக்காதது சின்ன விசயம். கவிஞர் என் வீட்டில்தான் தங்கினார், என் மனைவி சுட்ட ஆப்பத்தைத் தின்றுவிட்டு சந்தோசமாகப் போனார். நான் கேட்க வந்தது, நாம் ரூம் கேட்பவர்களாகவே எத்தனை காலம் நிற்பது என்பது. இந்த யோசனை என்னுடையது இல்லை. என் சின்னம்மாவுடையது.

சின்னம்மா மணப்பட்டுக் காலனி. விடிவதற்குள் கன்னியக்கோயில் ரோட்டுக்கு நடந்து பஸ் பிடித்து டவுனுக்குப் போகிறாள். இந்த மாதிரி வீட்டு ரூம் ஒன்றில்தான் வேலை, ஆறு வருசமாக. எந்த வீடு என்று எழுத மாட்டேன், அவள் பிழைப்பு. பக்கத்துச் சந்து வழியாக உள்ளே போக வேண்டும். படுக்கை விரிப்பு மாற்றுவாள், கக்கூஸ் கழுவுவாள், துண்டை அன்னம் மாதிரி மடித்துக் கட்டிலில் வைப்பாள். சமையல்கட்டுக்குள் மட்டும் போகக் கூடாது. வெள்ளைக்காரப் பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். அவர்கள் குடித்த காப்பி டம்ளரைச் சமையல்கட்டு வாசல்வரை கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

ஒருநாள் கேட்டாள்: "ஏண்டா தம்பி, இந்த வேலை பூரா எனக்குத் தெரியும். நம்ம வூட்டுலியே ஒரு ரூம் போட்டா இன்னா? கடல் நடந்து போற தூரம். சவுக்குத் தோப்பு கீது. அவங்க வூட்டுல இன்னா கீது, திண்ணைதான?"

பேங்க்காரன் மூளை உடனே மறுக்கத்தான் காரணம் தேடியது. ஆனால் காகிதத்தைப் பார்த்தால் அவள் பக்கம்தான் நிற்கிறது. 2015-16ல் சுதேஷ் தர்ஷன் திட்டத்தின் கடலோரச் சுற்றுலாப் பட்டியலில் அரிக்கமேடு, நரம்பை இவற்றோடு மணப்பட்டும் சேர்க்கப்பட்டது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் படுக்கை-காலை உணவுத் திட்டத்தில் ஒரே ஒரு ரூம் இருந்தாலும் பதியலாம், அதிகபட்சம் ஆறு. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். 2025 மத்திய பட்ஜெட்டில் வீட்டு ரூம்களுக்கு முத்ரா கடன் என்று அறிவித்தார்கள். முத்ராவுக்கு ஈடு கேட்கக் கூடாது. இதையெல்லாம் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மற்றவர்களுக்கு விளக்குகிறவன் நான்தான். காலனியிலிருந்து ஒருத்தரும் வந்து கேட்டதில்லை. நானும் போய்ச் சொன்னதில்லை.

இத்தாலியில் இன்னொரு ஏற்பாடு உண்டு, அண்ணன் சொன்னார். 1976ல் வடக்கே ஃப்ரியூலியில் பூகம்பம் வந்து, ஆளில்லாமல் கிடந்த மலைக்கிராமத்து வீடுகளைச் செப்பனிட்டபோது பிறந்த யோசனை. ஒரு ரூம் இந்தத் தெருவில், ஒரு ரூம் அந்தத் தெருவில், ஊரே ஓட்டல். கேட்க நன்றாக இருக்கிறது. நம்ம பக்கம் செய்தால் வரைபடம் ஊரோடு நின்றுவிடும். பிரெஞ்சுக்காரனின் காலனி 1954ல் போனது. எங்கள் காலனி அப்படியே இருக்கிறது.

சின்னம்மாவிடம் என் பயத்தைச் சொன்னேன். ரூம் போடுவோம், காலனி என்று தெரிந்தால் நம்ம ஊர்க்காரன் எவன் வந்து தங்குவான், நம்ம கையால் எவன் சாப்பிடுவான் என்றேன். சிரித்தாள்.

"வரவன் வரட்டும். வராதவன் எந்தச் சாதின்னு நாம நோட்டுல எழுதி வச்சிக்குவோம். காலையில கேழ்வரகுக் கூழும் கருவாடும். ஞாயித்துக்கிழமை மாட்டுக்கறி. பலகையிலியே எழுதிடு, அப்பறம் எவனும் தெரியாம சாப்ட்டுட்டேன்னு சொல்லக் கூடாது."

மாட்டுக்கறியைப் பலகையில் எழுதலாமா என்று நான் இழுத்தேன். கவிதையில் மட்டும் எழுதுற என்றாள்.

வீட்டு மனைப் பட்டா செத்துப்போன அவள் மாமனார் பெயரில் இருக்கிறது. அதை மாற்றாமல் எந்த விண்ணப்பமும் நகராது. திங்கட்கிழமை லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பாகூர் தாலுகா ஆபீசுக்குப் போக. ஒருவேளை தங்க ஆள் வந்தால், கட்டில் ஒன்று வாங்க வேண்டும். இப்போதைக்குப் பாய்தான்.