புட்டியில் விற்கும் புயவலி



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மளிகைச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஆறாம் ஆண்டு படித்துச் சென்ற மாணவன் ஒருவனின் தாயார் எதிரே வந்தார். பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் இரவுப் பணி பார்ப்பவர். நலம் விசாரித்து முடித்ததும் கைப்பேசியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். பெரிய கறுப்பு நிறப் புட்டி; அதன்மேல் மலைபோல் தோள்கொண்ட ஒரு மனிதர்.

"ஐயா, பையன் படிவம் நாலு போய்ட்டான். ஜிம்முக்குப் போறான். இந்த மாவு குடிச்சாத்தான் உடம்பு ஏறுமாம். ஒரு புட்டி 260 வெள்ளி. ஒரு மாசந்தான் வரும். வாங்கிக் கொடுக்கட்டுமா?"

"யாரம்மா சொன்னது?"

"ஒரு டீச்சர்தான் ஐயா. அவங்களேதான் விக்கிறாங்க."

அந்தக் கடைசி வாக்கியந்தான் என்னை எழுத வைத்தது. எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இங்கு எழுதப் போவதில்லை. இஃது ஒருவரின் குற்றம் அன்று. நம்மிடையே பரவிவரும் பழக்கம். புரத மாவு, சத்து மாவு, நினைவாற்றல் மாவு எனப் பலவற்றையும் பகுதிநேரமாக விற்கும் ஆசிரியர்கள் இன்று பல ஊர்களில் உண்டு. அவர்களைக் கேட்கிறேன்: நீங்கள் விற்பது என்னவென்று உங்களுக்குத் தெரியுமா?

முதலில் என்னைப் பற்றிய ஓர் உண்மை. நானும் ஒரு காலத்தில் அந்த மாவை வாங்கிக் குடித்தவன்தான். மூன்று மாதம் குடித்தேன். தோள் சற்றே விரிந்தது. எல்லாம் மாவின் மகிமை என்றே நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். அந்த மூன்று மாதமும் வாரத்தில் நான்கு நாள் பளு தூக்கினேன். ஞாயிறுதோறும் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் ஏறி இறங்கினேன். இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. எனக்கே அது தோன்றவில்லை. பயிற்சி பெற்றுத் தந்த புகழைப் புட்டி தட்டிப் பறித்துக்கொண்டது. இந்த வணிகத்தின் உயிர்நாடியே இதுதான்.

தசை எவ்வாறு வளர்கிறது? பளுவைத் தூக்கும்போது தசை இழைகளில் இழுவிசை ஏற்படுகிறது. அந்த விசையை உணர்ந்த உயிரணுக்கள், அடுத்த ஓரிரு நாள்களுக்குப் புதிய புரதத்தைக் கட்டும் வேலையை விரைவுபடுத்துகின்றன. அந்தக் கட்டுமானத்திற்கு வேண்டிய செங்கல், நாம் உண்ணும் புரதத்திலிருந்து கிடைக்கும் அமினோ அமிலம். செங்கல் இல்லாமல் வீடு எழும்பாது, உண்மை. ஆயினும் வாசலில் பத்து லாரி செங்கல்லைக் கொட்டிவிட்டால் வீடு தானே எழும்பிவிடுமா? கொத்தனார் வேண்டாமா? பயிற்சிதான் கொத்தனார். உடல் தன் தேவைக்கு மேல் வந்த புரதத்தைத் தசையாக அடுக்கி வைப்பதில்லை. அதை எரிபொருளாகச் செலவிட்டு, அதிலுள்ள நைட்ரசனை யூரியாவாக்கிச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. விலை கொடுத்து வாங்கிய மாவு போய்ச்சேரும் இடம் அதுதான்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். புதிதாகப் பளு தூக்குபவனுக்கு முதல் சில வாரங்களில் வலிமை கூடுவது, பெரும்பாலும் நரம்புகள் தசையை இயக்கப் பழகிக்கொள்வதால்தான். மேலும், பதினாறு வயதுப் பையனின் தோள் விரிவது பருவத்தின் வேலை. நரம்பும் பருவமும் பயிற்சியும் சேர்ந்து செய்த வேலைக்கு, மாவு விற்பவர் மாலை வாங்கிக்கொள்கிறார்.

மாவினால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். நேர்மையாகவே சொல்கிறேன்: சிறிது உண்டு. 2018ஆம் ஆண்டு கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில், 49 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 1,863 பேரின் முடிவுகளையும் திரட்டி ஒரு தொகுப்பாய்வு வெளியாயிற்று. சராசரியாகப் பதின்மூன்று வாரப் பயிற்சியில், பளு தூக்கியவர்கள் பயிற்சியால் மட்டும் ஏறத்தாழ 1.1 கிலோ கொழுப்பற்ற உடலெடை பெற்றனர். பயிற்சியோடு புரதத்தையும் கூட்டி உண்டவர்கள் அதற்கு மேல் பெற்றது 0.3 கிலோ. முந்நூறு கிராம்! புட்டியின் மேலுள்ள மனிதரின் தோளுக்கும் இந்த முந்நூறு கிராமுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் 260 வெள்ளிக்கு விற்கிறார்கள்.

அதே ஆய்வு வேறொன்றையும் கூறுகிறது. ஒரு நாளைக்கு, உடலெடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1.6 கிராம் என்ற அளவைத் தாண்டிய பிறகு, கூடுதல் புரதத்தால் கூடுதல் தசை விளையவில்லை. அந்தத் தாயாரின் மகன் 55 கிலோ. அப்படியென்றால் அவனுக்கு உச்சவரம்பே நாளொன்றுக்கு 88 கிராம்தான். பளு தூக்காத சாதாரண மனிதருக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் போதும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. எனவே 88 என்பது எவனும் தொட்டே ஆகவேண்டிய இலக்கு அன்று. அதற்கு மேல் போவது வீண் என்பதற்கான கோடு.

அந்தக் கோட்டையே நம் வீட்டு அடுப்படியால் தொட முடியுமா? கணக்குப் போடுவோம். இரண்டு முட்டை 12 கிராம். சமைத்த கோழி நூறு கிராம் அளவு, 27. மீன் நூறு கிராம், 20. இரண்டு பெரிய குவளைப் பால், 16. மூன்று வேளைச் சோறும் ரொட்டியும் சேர்ந்து 12. ஒரு கரண்டி பருப்புக் குழம்பு, 6. கூட்டினால் 93. கோடு தாண்டிவிட்டது! கோழியும் மீனும் உண்ணாத வீடா? தெம்பே நூறு கிராமில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் இருக்கிறது. தௌஃபூ, கொண்டைக்கடலை, பயறு, தயிர் எல்லாம் நம் சந்தையில் கொட்டிக் கிடக்கின்றன. தெம்பே மலாய்க்காரர் உணவு, தௌஃபூ சீனர் உணவு என்று ஒதுக்குவோர் இன்னும் உளர். நம் தீவின் அடுப்படி மூன்று இனத்துக்கும் பொதுவானது என்பதை நினைவிற்கொள்க.

விலையையும் பாருங்கள். அந்தப் புட்டியில் முப்பது கரண்டி. கரண்டிக்கு 24 கிராம் புரதம் என்று அச்சிட்டிருக்கிறது. கரண்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 9 வெள்ளி. அதே 24 கிராம் நான்கு முட்டையில் இருக்கிறது. முட்டை அரை வெள்ளி என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு வெள்ளிதான். எஞ்சிய ஏழு வெள்ளி எதற்கு? கறுப்பு நிறப் புட்டிக்கும், அந்த மலைத்தோள் மனிதரின் படத்திற்கும், இடையில் இருக்கும் கைகளுக்கும்.

அச்சிட்ட அந்த 24 கிராமாவது மெய்தானா? உணவிலுள்ள புரதத்தை அளக்க, 1883இல் டென்மார்க்கின் யோகான் கெல்டால் ஒரு முறையை வகுத்தார். உணவிலுள்ள நைட்ரசனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கிப் புரதமாகக் கணக்கிடுவது. இன்றும் புழங்கும் இம்முறையில் ஓர் ஓட்டை உண்டு. நைட்ரசன் எதிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. மலிவான அமினோ அமிலங்களைக் கலந்துவிட்டால் அதுவும் புரதமாகவே கணக்கில் ஏறும். 2008இல் சீனாவில் நீர் கலந்த பாலின் குறையை மறைக்க மெலமைன் எனும் வேதிப்பொருளைக் கலந்தவர்கள் இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தினர். ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் மாண்டனர்.

கேரளத்தைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியக் அபி பிலிப்சும் அவர்தம் குழுவினரும் இந்தியச் சந்தையில் விற்கப்படும் 36 புரத மாவுகளைச் சோதித்து, 2024இல் 'மெடிசின்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 70 விழுக்காட்டு மாவுகளில், மேலே அச்சிட்ட புரத அளவு பிழையாக இருந்தது. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 விழுக்காட்டில் பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சின். 8 விழுக்காட்டில் பூச்சிக்கொல்லி எச்சம். அதே ஆண்டு மே மாதம் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்துக் கழகம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தசையைப் பெருக்குவதற்காகப் புரத மாவுகளை நாடவேண்டாம், உணவுகளைத் தகுந்தவாறு சேர்த்துண்டே நல்ல புரதத்தைப் பெறுங்கள் என்று அறிவுறுத்திற்று. நம் நாட்டுப் புட்டிகள் எல்லாம் போலி என்று நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்காமல் அவற்றுக்கு நற்சான்று வழங்க ஓர் ஆசிரியருக்கு என்ன தகுதி என்றே கேட்கிறேன்.

எதிர்வாதங்களையும் அறிவேன். "விளையாட்டு வீரர்கள் எல்லாரும் குடிக்கிறார்களே" என்பார்கள். நாளெல்லாம் பயிற்சி செய்து, சமைக்க நேரமின்றி ஊர் ஊராகப் பயணம் போகும் வீரருக்கு அது வசதிதான். உணவு செல்லாத நோயாளிக்கும், தசை கரைந்துவரும் முதியவருக்கும் மருத்துவரோ உணவியல் வல்லுநரோ அதைப் பரிந்துரைப்பதுண்டு. அதையும் நான் மறுக்கவில்லை. நலமான சிறுநீரகத்தை இந்த மாவு கெடுக்கும் என்று மிரட்டவும் மாட்டேன். அதற்கு உறுதியான சான்றில்லை. ஆனால், 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயதுவந்தோரில் ஆறு பேருக்கு ஒருவர் நீரிழிவு உடையவர். நீரிழிவு சிறுநீரகத்தை ஓசையின்றித் தின்னும். அப்படிச் சிறுநீரகம் நலிந்தவருக்கு மிகுபுரதம் கேடு. உங்களிடம் வாங்குபவரின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்டதுண்டா?

"மாவு இல்லாமல் எப்படி உடம்பு ஏறும்?" என்பாருக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: மனோகர் ஐச். வங்காளத்தவர், ஐந்தடி உயரங்கூட இல்லாதவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரை அறைந்ததற்காகச் சிறை சென்று, சிறைக்குள்ளேயே உடற்பயிற்சியை வளர்த்துக்கொண்டவர். 1952இல் தம் பிரிவில் உலக ஆணழகர் பட்டம் வென்றார். சோறு, பருப்பு, மீன், காய்கறி, பால் ஆகியவையே அவர் உணவு. நூறு வயதைக் கடந்து 2016இல் மறைந்தார். ஒரு மனிதர் அறிவியல் சான்று ஆகமாட்டார்; ஆயினும் மாவின்றி முடியாது என்னும் கூற்றைப் பொய்யாக்க ஒருவரே போதும். இளவட்டக்கல் தூக்கிய நம் பாட்டன்மார் எந்தப் புட்டியைத் திறந்தார்கள்?

ஆசிரியத் தோழர்களே, உங்கள் பொருளாதார நெருக்கடி எனக்குப் புரியாததன்று. ஆயினும் அந்தத் தாயார் 260 வெள்ளியை எடுத்துவைக்க முன்வந்தது மாவின் மீதுள்ள நம்பிக்கையால் அன்று. 'டீச்சர் சொன்னார்' என்பதால். அந்த ஒரு சொல்லுக்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மூன்று நான்கு தலைமுறையாகச் சேர்த்துவைத்த மதிப்பு பின்னால் நிற்கிறது. அது நம் தனிச்சொத்து அன்று. அதைக் கரண்டி கரண்டியாக அள்ளி விற்க நமக்கு உரிமை இல்லை. 1969இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், விளம்பரத்தை நம்பி ஏமாறாதீர் என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக மக்களிடம் சொல்லிவரும் ஊர் இது. அதே ஊரில் ஆசிரியர்களே விளம்பரப் பலகை ஆகலாமா?

அன்று அந்தத் தாயாரிடம் நான் சொன்னது இவ்வளவே. பயிற்சிக்குப் போகட்டும், நல்லது. முறை தெரிந்த பயிற்றுநர் பக்கத்தில் இருக்கிறாரா என்று மட்டும் நேரில் போய்ப் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு அனுப்பாதீர்கள். இரண்டு முட்டையும் ஒரு குவளைப் பாலும் கொடுங்கள். இரவு கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு எட்டு மணி நேரம் தூங்கச் சொல்லுங்கள். 260 வெள்ளியில் பாதியைச் சமையலுக்கும் மீதியை அவன் பெயரில் சேமிப்புக்கும் போடுங்கள்.

ஒரு வாரம் கழித்துப் புலனத்தில் செய்தி அனுப்பியிருந்தார். புட்டி வாங்கவில்லையாம். பையன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். மூன்றாம் நாள், "அம்மா, இன்னொரு முட்டை இருக்கா?" என்று கேட்டானாம்.

உங்கள் வகுப்புப் பெற்றோர் புலனக் குழுவில் விலைப்பட்டியல் ஏதேனும் இருக்குமாயின், இன்றே அதை நீக்கிவிடுங்கள், தோழர்களே.

அன்புடன்,
உங்களுள் ஓர் ஆசிரியன்,
பினாங்கு.