குழாயை மூடினால் வாடகை வருமா?

ஒரு போர்ஷன் வாடகையை நம்பி அடுப்பெரியும் வீடுகள் பல. பாக்கி நின்றால் வீட்டுக்காரருக்குக் கோபம் வருகிறது. குழாயை மூடுகிறார், மின்சாரத்தை நிறுத்துகிறார். இதைச் சட்டம் தடுக்கிறது.

தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டுச் சட்டம் போய், 2017-ம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமுலில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவும் செய்ய வேண்டும்.

பழுது யார் பொறுப்பு?

ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், வெள்ளையடிப்பதும், கதவுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் வேலை. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது குடித்தனக்காரர் வேலை. எதற்கு யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுதிக்கொண்டால் பின்னால் சண்டை இல்லை.

வாடகை நின்றால் முதலில் நோட்டீஸ். பிறகு வாடகை நீதிமன்றம். பாக்கியை வசூலிக்க வழி அதுதான், குழாய் அல்ல.