கொடுத்தவர் யார்?

வாக்குச்சாவடியின் வாசலில் கோடீசுவரரும் கூலித் தொழிலாளியும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். இருவர்க்கும் ஓட்டு ஒன்றே. நம் அரசியல் சட்டம் அளித்த பெரும் பேறு இது! ஆனால் தேர்தல் முடிந்து, சட்டம் இயற்றும் சபை கூடிய பின்னும் இந்தச் சமத்துவம் நிலைக்கின்றதா?

சட்டம் இயற்றுவோரிடம் தம் குறையை எடுத்துரைக்க எல்லோர்க்கும் உரிமை உண்டு. மீனவர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் ஆலை முதலாளிகள் சங்கமும் மனுக் கொடுக்கலாம், வாதாடலாம். இதில் குற்றமில்லை. மனுவோடு பணப்பையும் சேர்ந்து செல்லும்போதுதான் தராசு சாய்கிறது. பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது என்று 2022-இல் வரம்பு வகுத்தனர். கட்சியின் செலவுக்கோ வரம்பே இல்லை! அவ்வளவு பணத்தையும் கொடுப்பவர் கைம்மாறு கருதாமலா கொடுப்பார்?

1957-லேயே பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா, ஒரு கம்பெனி கட்சிகளுக்கு நன்கொடை தர அனுமதித்த போதே, இவ்வழக்கம் ஜனநாயகத்தின் குரல்வளையை நெரித்துவிடக் கூடும் என எச்சரித்தார். 1969-இல் கம்பெனி நன்கொடை தடை செய்யப்பட்டது. அடைத்த வாய்க்கால் நீர் வேறு வழி தேடுவதுபோல், பணம் கணக்கில் வராமல் ஓடியது. 1985-இல் இலாபத்தில் நூற்றுக்கு 5 என்ற வரம்புடன் மீண்டும் அனுமதி தந்தனர். 2013-இல் அது ஏழரை ஆயிற்று. 2017-இல் வரம்பே நீங்கிற்று.

2018-இல் தேர்தல் பத்திரங்கள் வந்தன. பாரத ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சியிடம் கொடுத்தால், கொடுத்தவர் பெயர் வாக்காளருக்குத் தெரியாது. ஆயிரம் ரூபாய்க்கும் பத்திரம் இருந்தது. எனினும் விற்ற தொகையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்களே! இவை ஏழை எளியவர் வாங்கியவை அல்ல. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம், இத்திட்டம் வாக்காளரின் அறியும் உரிமைக்கு மாறானது எனக் கூறி, ஒருமனதாக அதனை ரத்து செய்தது. அடுத்த மாதமே கொடுத்தவர் பெயர்கள் வெளியாயின.

"தருமத்தை மறைவாகச் செய்ய வேண்டுமென்று நம் ஆண்டவரே போதித்தாரல்லவா?" என்று சிலர் கேட்கலாம். ஏழைக்குக் கொடுப்பவர் எதையும் திரும்பக் கேட்பதில்லை. ஆதலால் அங்கே மறைவு பணிவாகிறது. அதிகாரத்தில் இருப்பவர்க்குக் கொடுப்பவரிடமோ மறைவு பணிவன்று, திரை! காணிக்கைப் பெட்டியில் இரு காசு இட்ட ஏழைக் கைம்பெண் யாரிடமும் சலுகை கேட்கவில்லையே.

பத்திரம் ஒழிந்தது, பணத்தின் செல்வாக்கு ஒழியவில்லை. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளைக் கட்சிகள் ஆண்டுக்கொரு முறை தேர்தல் கமிஷனிடம் தெரிவிக்கின்றன. பல வேளைகளில் நாம் ஓட்டளித்து முடித்த பின்னரே அக்கணக்கு நம் கண்ணில் படுகிறது. விருந்து முடிந்த பின் இலை போட்டு என்ன பயன்? வாக்களிக்கும் நாளுக்கு முன்பே அது வெளிவர வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அன்புத் தோழியரே! 1989 முதல் 18 வயது நிரம்பியோர்க்கு வாக்குரிமை உண்டு. நம்மில் பலர் விரைவில் அந்த வரிசையில் நிற்கப் போகிறோம். வேட்பாளர் நமக்கு என்ன தருவார் என்று கேட்பதற்கு முன், அவருக்குக் கொடுத்தவர் யார் என்று கேட்கப் பழகுவோம்.

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவியர்