கல்லெறிஞ்சா முதுகுதான் கிடைக்கும்

பறக்குற பறவையை ஷார்ப்பா எடுக்கணும்னா ஆறேழு லட்சத்துக்கு லென்ஸ் வேணும்னு நம்ம மக்கள்ல பல பேருக்கு ஒரு நினைப்பு. அது பாதி உண்மை. சில பேர் கையில அந்த லென்ஸும் இருக்கு, கூடவே கல்லும் இருக்கு. இந்தப் புலம்பல் அவங்களைப் பத்தித்தான்.

முதல்ல கணக்கு. (பொட்டி தட்டுறவன்கிட்ட வேற என்ன எதிர்பார்க்குறீங்க? :-)) ஒரு ஆலா மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்துல குறுக்கே போகுதுன்னு வைங்க. நொடிக்கு 15 மீட்டர். ஷட்டர் 1/500 நொடி திறந்திருந்தா அதுக்குள்ள பறவை 3 சென்டிமீட்டர் நகர்ந்துடும். 1/2000 வச்சா முக்கால் சென்டிமீட்டர்தான். கேமராவையும் பறவையோடவே சீரா திருப்பினா உடம்பு நின்னுடும். மேலும் கீழும் அடிக்கிற இறக்கை நுனி நிக்காது. அதனால ஆலா, தகைவிலான் மாதிரி ஆசாமிகளுக்கு 1/2000-க்குக் கீழ நான் இறங்குறதே இல்லை. கூழைக்கடா சாவகாசமா மிதக்குறவர், அவருக்கு 1/1000 போதும். வெளிச்சம் பத்தலைன்னா ஐ.எஸ்.ஓ.வை ஏத்துங்க. புள்ளி புள்ளியா வர்ற நாய்ஸை மென்பொருள்ல குறைச்சுக்கலாம். கலைஞ்சுபோன கண்ணை அது கற்பனையா வரைஞ்சுதான் தரும்.

2020-ல கேனான் ஆர்5, 2021-ல சோனி ஏ1 வந்தப்புறம் கேமராவே பறவையோட கண்ணைத் தேடிப் பிடிக்குது. ஆக ஃபோகஸ் தொல்லையும் பாதி தீர்ந்துச்சு. ஆனா அந்தக் கண்ணு நம்ம பக்கம் பார்க்கணுமே?

பள்ளிக்கரணை, 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்த சதுப்பு நிலம். அங்கே ரோட்டோரம் ஒரு நாள் பீரங்கி சைஸ் லென்ஸோட ஒரு கூட்டம். பூநாரைங்க தலையைத் தண்ணியில கவுத்து மேஞ்சுட்டிருந்துச்சு. "சும்மா நிக்குது சார், பறந்தாத்தானே படம்"னு ஒருத்தர் கல்லை விட்டார். மொத்தக் கூட்டமும் தண்ணி மேல தடதடன்னு ஓடி எழும்பிப் போச்சு. எந்தப் பக்கம்? கல்லு வந்ததுக்கு எதிர்ப்பக்கம்! பயந்த பறவை வேற எங்க போகும்? லட்ச ரூபாய் லென்ஸ்ல முப்பது பின்பக்கம், அத்தனையும் ஷார்ப்பா.

பூநாரை சேத்துத் தண்ணியை அலகால வடிகட்டி, பொடிப்பொடியா சாப்பிடுற ஜீவன். ஒரு தடவை விரட்டினா அது சேர்த்த தெம்பு அவ்வளவும் வீண். ஊசிவால் வாத்துக்கோ குளிர்காலம் முடிஞ்சதும் இமயமலை தாண்டி வடக்கே போகணும். அந்தப் பயணத்துக்கான கொழுப்பை நம்ம படத்துக்காக எரிக்கச் சொல்றது என்னங்க நியாயம்?

இவ்வளவுக்கும் வழி ரொம்ப சுலபம். பறவைங்க எழும்புறதும் இறங்குறதும் பெரும்பாலும் காற்றுக்கு எதிரா. காற்று முதுகுல படுற மாதிரி நின்னா, அது நம்மளைப் பார்த்துத்தான் வரும். வடகிழக்குக் காற்று வீசுற காலை நேரம்னா சூரியனும் முதுகுப் பக்கம், ரெட்டை லாபம். மீசை ஆலாவுக்கு அதுகூட வேணாம். ஒரே தண்ணிப் பரப்பு மேல பஸ் ரூட் மாதிரி திரும்பத் திரும்ப வந்து போகும். இந்த ட்ரிப்பை விட்டீங்களா, ஃப்ளாஸ்க்ல இருந்து ஒரு வாய் டீ ஊத்திக் குடிங்க. அதுக்குள்ள அடுத்த ட்ரிப் வந்துடும்.