காதுக்குள் சில்வண்டு: வயது மட்டுமா காரணம்?

1977 கலவரத்தின் பின் மலையகத்தை விட்டு ஓடிய எமது மக்களில் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். அன்று இளந்தாரிகளாக வந்தவர்கள் இன்று எழுபதை நெருங்குகிறார்கள். அவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் நாம் கேட்கும் முறைப்பாடு ஒன்று: "காதுக்குள்ள சில்வண்டு கத்துது, ராவில தூக்கமே இல்ல." கிளினிக்கில் சொன்னால், "வயசு போனா அப்படித்தான்" என்று அனுப்பிவிடுகிறார்களாம்.

வயது ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. உட்காதில் மயிர் போன்ற நுண்கலங்கள் உண்டு. அவை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. செவியிலிருந்து வரும் ஒலி குறையும்போது மூளை தானே ஓர் இரைச்சலை உண்டாக்கிக்கொள்கிறது. ஆனால் அந்தக் கலங்களை அழித்தது வயது மட்டுமா?

ரோலரும் ட்ரையரும் ஓடும் ஸ்டோரில் பக்கத்து ஆளோடு பேசவும் கத்த வேண்டும். கத்தித்தான் பேசவேண்டுமென்றால் அந்தச் சத்தம் காதுக்கு ஆகாது. இதை அறியக் கருவி தேவையில்லை. 85 டெசிபலுக்கு மேல் நாளுக்கு 8 மணித்தியாலம், வருடக்கணக்காக நின்றால் செவி கெடும். வன்னிக்கு வந்தபின் அரிசி ஆலையும் உழவு மெசினும். அதன்பின் 2009 வரை செல்லும் கிபிரும். பங்கருக்குள் பதுங்கினாலும் சத்தம் உள்ளே வந்தது. கிட்டே விழும் ஒரே செல் போதும், செவிப்பறை கிழிய. இத்தனைக்கும் பிறகு "வயசு" என்று ஒரு சொல்லில் முடிப்பதை நாம் ஏற்கமாட்டோம்.

தீர்க்கக்கூடிய காரணங்களும் உண்டு. காதை அடைத்த குறும்பியை எடுத்தாலே சிலருக்கு இரைச்சல் நின்றுவிடும். அதிக அளவு அஸ்பிரின், சில சலம் போகும் மருந்துகள், முன்பு காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி ஆகியவையும் இரைச்சலைத் தரும். (குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம், வைத்தியரிடம் சொல்லுங்கள்.) ஒரு காதில் மட்டும் இரைந்தால், நாடியோடு சேர்ந்து துடித்தால் காலம் கடத்தாமல் காட்டுங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றே போங்கள்.

வன்னியில் முதியோர் கிளினிக்குகளில் காதைத் திறந்து பார்த்து, கேட்கும் திறனைச் சோதிக்கவேண்டும். காது கேட்கும் கருவி கிடைத்தால் பலருக்கு இரைச்சலும் அடங்கும். தோட்டத்து ஸ்டோர்களில் காதடைப்பானும் வருடாந்தச் செவிச் சோதனையும் வேண்டும். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வந்தது 1942இல். அடுத்த கூட்டத்துக்கு முன் தலைவர்மார் தத்தம் ஸ்டோரில் எத்தனை பேருக்குக் காதடைப்பான் உண்டென்று எண்ணி எமக்கு எழுதி அனுப்பவும்.