தவளைக்கு எவ்வளவு பெரிய தொட்டி?

அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் வீடியோ காலில் வந்தான். பிறந்தநாளுக்கு இரண்டு குட்டித் தவளைகள் வாங்கப் போகிறார்களாம். "சித்தி, இது போதுமா?" என்று ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் காட்டினான். போதாதுடா கண்ணா!

அங்கே வண்ணமீன் கடைகளில் கிடைப்பது ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை. வளர்ந்தாலும் 4 செ.மீ.தான் இருக்கும். எந்நேரமும் தண்ணீருக்குள் இருந்தாலும், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். அதனால் உயரமான தொட்டியைவிட அகலமான தொட்டியே நல்லது. மூன்று, நான்கு தவளைகளுக்கு 40 லிட்டர் தொட்டி. மூடி கட்டாயம், வெளியே குதித்துவிட்டால் உடல் காய்ந்து இறந்துவிடும்.

ஆனால், தொட்டி வாங்கும் முன் தவளையின் காலைப் பாருங்கள். நகத் தவளையும் குட்டியாக இருக்கும்போது அச்சு அசல் இதே மாதிரிதான். அது 12 செ.மீ. வரை வளரும். ஒன்றுக்கே 40 லிட்டர் வேண்டும். வாயில் நுழைவதையெல்லாம் விழுங்கும், பக்கத்தில் இருக்கும் குள்ளத் தவளை உட்பட!

நான்கு கால்களிலும் விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்தால் குள்ளத் தவளை. முன்னங்காலில் சவ்வு இல்லாமல் விரல்கள் தனித்தனியாக இருந்தால் நகத் தவளை. இரண்டையும் ஒரே தொட்டியில் விடவே கூடாது.

கடைக்குப் போனதும் முன்னங்காலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.