மூக்குத்திக் கல்லும் கார்ப் புகைக்குழாயும்

லாச்சப்பல் நகைக்கடையில் வெள்ளைக்கல் மூக்குத்தியைக் காட்டி, "தம்பி, இது வைரமோ?" எண்டு மனைவி கேட்டா. "இல்லையக்கா, சேர்க்கோனியா." எனக்குச் சிரிப்பு வந்தது. முதல்நாள்தான் அதே சாமானுக்குக் கராஜில் கணக்குப் போட்டுத் தந்திருந்தார்கள்.

எங்கட பெற்றோல் கார் கொன்றோல் தெக்னிக்கில் புகை கூட எண்டு விழுந்துவிட்டது. இரண்டு மாதத்துக்குள் திருத்திக் காட்ட வேணும். 'சோந்த் லாம்டா' மாற்றச் சொன்னார்கள். தெரிந்த ஒருவரோ, "ஏன் வீண்செலவு அண்ணை? டாஷ்போட்டில எரியிற லைட்டை நான் அழிச்சுவிடுறன்" என்றார்.

புகைக்குழாயில் திருகியிருக்கும் அந்தச் சென்சருக்குள் இருப்பது சேர்க்கோனியா செராமிக். தனிச் சேர்க்கோனியா மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதில் இத்திரியாவைக் கலந்தால் கதை மாறும். சேர்க்கோனியம் அயனின் ஏற்றம் 4, இத்திரியத்துக்கு 3. இரண்டு இத்திரியம் உள்ளே போனால், கணக்குச் சரிவர ஒரு ஒட்சிசனின் இடம் வெறுமையாகும். பஸ்ஸில் ஒரு சீட் காலியானால் பக்கத்து ஆள் நகருவதுபோல, சூட்டில் ஒட்சிசன் அயன்கள் அந்த இடங்களால் நகரும். அதுதான் கடத்தல். சென்சருக்குச் சுமார் 300 பாகைச் சூடாவது வேணும்.

கூடப் போட்டால் கூடக் கடத்துமோ? கறிக்கு உப்புப்போலத்தான். நூறு மூலக்கூறுக்கு எட்டளவில் இத்திரியா இருக்கும்போதுதான் உச்சம். அதற்குமேல் வெற்றிடங்கள் இத்திரியத்தோடு ஒட்டிக்கொள்ள, கடத்துதிறன் குறையும்.

புகையிலும் வெளிக்காற்றிலும் உள்ள ஒட்சிசன் வித்தியாசம் இந்தச் செராமிக்கில் வோல்ற்றாகத் தெரியும். பெற்றோல் கூடினால் 0.9 அளவில், குறைந்தால் 0.1 அளவில். அதைப் பார்த்துத்தான் எஞ்சின் பெற்றோலை அளக்கிறது. பொஷ் நிறுவனம் செய்த இந்தச் சென்சர் 1976இல் வொல்வோ கார்களில் வந்தது.

சென்சர் பழுதானால் அளவு பிழைக்கும். பெற்றோல் வீணாகும், புகையைச் சுத்தமாக்கும் கற்றலைசரும் கெடும். அதன் விலையோ பல மடங்கு. லைட்டை அழித்தால் பழுது மறையுமே தவிரப் போகாது. சென்சரை மாற்றினோம், கார் பாஸ்.

பாரிசுக்கு இந்தக் கலவை புதிதல்ல. 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியில் எரிந்த நேர்ன்ஸ்ற் விளக்குகளின் உள்ளே இருந்ததும் இதுதான். எங்களுக்கும் புதிதல்ல. 1789இல் கிளாப்ரோத் சேர்க்கோனியத்தைக் கண்டுபிடித்தது இலங்கைக் கல்லில். புல்மோட்டை மணலிலும் அது இருக்கிறது.

மூக்குத்தியும் வாங்கினோம், வைர விலைக்கு இல்லை.